விக்ரவாண்டி கிராஸிங்

ஒன்றரை வருடம் என் பெயர் திண்டிவனம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது வருகைப் பதிவேட்டில் கையெழுத்தாக மட்டும் கிடந்தது.

சிரிக்காதீர்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் திண்டிவனம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டர். ஊர் விட்டு ஊர் பேச வேண்டுமென்றால் எங்களைக் கேட்காமல் எவரும் பேசிவிட முடியாது. எதிரே ஆள் உயரத்துக்குப் போர்டு, தலையில் ஹெட்செட், கையில் பிளக் வைத்த ஒயர். திண்டிவனத்து மண்டிக்காரர் விழுப்புரத்துக்குப் பேசக் கேட்டால் நான் விழுப்புரம் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிடுவேன். அங்கே என்னைப் போல ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். "ஹலோ விழுப்புரம்" என்பேன். "சொல்லுங்க திண்டிவனம்" என்பாள். ஆபரேட்டர் தன் பெயரைச் சொல்லக் கூடாது, அடுத்தவள் பெயரைக் கேட்கவும் கூடாது. எந்த ஊர் போர்டில் உட்கார்ந்திருக்கிறோமோ அந்த ஊர்தான் எங்களுக்குப் பெயர். சொந்தக் கதை பேசினால் சூப்பர்வைசர் லைனுக்குள் நுழைந்து தொண்டையைச் செருமுவார். அவ்வளவுதான், வாய் தானாக மூடிக்கொள்ளும்.

ஆனால் நான் திண்டிவனத்துக்காரி இல்லை. என் வீடு விழுப்புரத்தில், ரயில்வே குவார்ட்டர்ஸில். கணவர் கரி எஞ்சினில் ஃபயர்மேன். மாயவரம் பக்கமோ காட்பாடி பக்கமோ வண்டியோடு போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. பிரசவ விடுப்பு தொண்ணூறு நாள். அது முடிந்த மறுநாள், மூன்று மாதக் கைக்குழந்தையை விட்டுவிட்டு நான் மறுபடியும் காலைப் பாசஞ்சரில் ஏறினேன்.

குழந்தையை யாரிடம் விட்டேன் என்று கேட்பீர்கள். எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசைக்குப் பின்னால் குடியிருந்த ஓர் அக்காவிடம். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். மில்லிலிருந்து மூட்டை மூட்டையாக மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, வாங்கி வந்து வீட்டிலேயே உரித்துக் கொடுப்பாள். நாள் முழுக்க அவள் விரல் நிற்காது. "நீ போம்மா, எம் மடியிலயே வச்சிக்கினு உரிக்கறேன்" என்றாள். எனக்கும் வேறு வழி இல்லை.

பாசஞ்சர் விக்ரவாண்டியில் எதிர் வண்டிக்காகக் காத்து நிற்கும். ஒற்றைத் தண்டவாளம். ஒன்று ஒதுங்கி நின்றால்தான் மற்றது போக முடியும், அதற்குக் கிராஸிங் என்று பெயர். திண்டிவனம் பக்கத்திலிருந்து வரும் வண்டி எங்கள் ஜன்னலுக்கு நேராக வந்து நிற்கும். அந்த ஜன்னல்களில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் என் ஊருக்குப் போகிறார்கள், என் குழந்தை இருக்கிற ஊருக்கு. நான் மட்டும் எதிர்த் திசையில் போகிறேன். யாரென்றே தெரியாத அந்த ஜனங்களை மனசுக்குள் தினமும் திட்டினேன். சும்மா சொல்லவில்லை, நன்றாகவே திட்டினேன்.

பத்தரை மணிக்கு மார்பு கட்டிக்கொள்ளும். ரவிக்கை நனைந்து புடவைக்கு வந்துவிடும். பாத்ரூமுக்குப் போய்ப் பாலைப் பீய்ச்சித் தரையில் விட்டுவிட்டு வருவேன். என் குழந்தைக்கு உரியது சாக்கடையில் போகிறதே என்று முதல் வாரம் அழுதேன். இரண்டாவது வாரம் அழ நேரமில்லை. போர்டை விட்டு எழுந்தால் விழுப்புரம் லைனில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

ஒருநாள் மணிக்கொருமுறை செய்கிற லைன் டெஸ்டில் விழுப்புரத்துக்காரி கேட்டாள். "திண்டிவனம், பத்தரை ஆனா எங்கங்க காணாமப் போறீங்க?"

"கைக்குழந்தைக்காரிங்க" என்றேன்.

"புரிஞ்சிதுங்க. இனிமே பத்தரைக்கு அஞ்சு நிமிசம் உங்க பக்கம் கால் எதுவும் வராது. கேக்கறவங்களுக்குத் திண்டிவனம் பிசின்னு சொல்லிடறேன். நிதானமா போய்ட்டு வாங்க."

அன்றிலிருந்து தினமும் அந்த ஐந்து நிமிடம் எனக்குக் கிடைத்தது. யாரும் எழுதிக் கொடுக்காத சலுகை அது. மெல்லிய, கீச்சென்ற குரல் அவளுக்கு. ஒல்லியான சின்னப் பெண் என்று நானாக நினைத்துக்கொண்டேன். "பாப்பா குப்புற வுழுந்துச்சா?", "பல்லு வந்துடுச்சா?" என்று ஒற்றை வரியில் கேட்பாள். தனக்கும் நாலு வயதில் ஒரு பெண் இருப்பதாகவும் அதற்கு அடிக்கடி மூச்சு இளைப்பு வருவதாகவும் ஒருநாள் சொன்னாள். "உங்களுக்கு இன்னாங்க, குடுத்து வெச்சவங்க" என்பாள் நடுநடுவே. எனக்குள் சிரிப்பு வரும். கொடுத்து வைத்தவள் நீதானே அம்மா, சொந்த ஊரில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாய் என்று நினைத்துக்கொள்வேன். ஒரு மழைநாளில் மயிலம் பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி எங்கள் வண்டி இரண்டு மணி நேரம் தாமதம். நான் ஓட்டமாக ஓடிப்போய் உட்கார்ந்தால், அவளும் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருக்கிறாள். விழுப்புரத்திலும் மழை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். புத்தி எங்கே போயிற்றோ.

குழந்தைக்குப் பத்து மாதம் நடக்கும்போது அது நடந்தது.

மாலை நான் வண்டியை விட்டு இறங்கி வந்தால், அக்கா எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் குழந்தை தூங்குகிறது. அக்காவின் முகம் வெளுத்துப் போயிருந்தது. "ஒரு பருப்ப எடுத்து வாயில போட்டுக்கிச்சும்மா. நான் மொறத்துல புடைச்சிக்கினு இருந்தேன். திரும்பிப் பாத்தா மூச்சு வரல, மூஞ்சி நீலம் பூத்துப் போச்சு. தலகீழாப் புடிச்சி முதுகுல போட்டேன் போட்டேன், அப்பறந்தான் வந்துச்சு..." மேலே பேச முடியாமல் அழுதாள்.

காலை பதினோரு மணிக்கு நடந்திருக்கிறது. எனக்குத் தெரிந்தது சாயங்காலம். ஊருக்கெல்லாம் லைன் கொடுக்கிறவளுக்கு ஒரு போன் வரவில்லை. எப்படி வரும்? டிரங்க் கால் எங்கே போய், யாரிடம் கேட்டுப் போட வேண்டும் என்று அக்காவுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கவே இல்லை.

நான் கத்தினேன். அந்தத் தெருவே வந்து நிற்கிற மாதிரி கத்தினேன். "உன்ன நம்பித்தானே வுட்டுட்டுப் போனேன்!" என்று என்னென்னவோ. அவள் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவளும் ஒரு கையால் வேலையும் மறு கையால் பிள்ளையுமாகத்தானே இருந்தாள், என்னைப் போலவே. என் குழந்தையின் உயிரைக் காப்பாற்றியவளைத்தான் அப்படிப் பேசினேன். அந்தக் கத்தலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மறுநாளே போய் மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தாள், ஆனால் "எனக்கு பயமா கீதும்மா, மூட்டைய வச்சிக்கினு இனிமே என்னால முடியாது" என்று சொல்லிவிட்டாள்.

கணவர் அந்த மறுநாள் காலைதான் கரியோடு கரியாக வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டுக் கொஞ்ச நேரம் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். முதுகில் ஐந்து விரல் தடம் இன்னும் மறையவில்லை.

"போதும். வேலைய எழுதிக் குடுத்துட்டு வா."

"நீங்க எழுதிக் குடுங்க."

"நானா?"

"ஏன், கொழந்த எனக்கு மட்டுமா பொறந்துச்சு?"

அவர் கெட்ட மனுஷன் இல்லை. அந்தக் கேள்வியை அவரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். "ஒரு மாசம் லீவு போடறேன். நான் பாத்துக்கறேன். அதுக்குள்ள விழுப்புரத்துக்கு மாத்தல் வாங்கு. இல்லன்னா வேலைய வுட்டுடணும். பேச்சு மாறக் கூடாது."

"சரி" என்றேன்.

அந்தச் சரியை எப்படிச் சொன்னேனோ தெரியாது. வேலையை விடுவதென்றால் என் கையை யாரோ முறுக்குகிற மாதிரி இருந்தது. எல்லோரும் 'குடும்பக் கஷ்டம், பாவம், வேலைக்குப் போகிறாள்' என்றே நினைத்தார்கள். உண்மை அது இல்லை. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. நாற்பது விளக்கு ஒரே நேரத்தில் எரியும்போது எது அவசரம், எது காத்திருக்கும் என்று பார்த்த கணத்தில் கண்டுபிடித்துவிடுவேன். அந்தப் போர்டு முன்னால் நான் கெட்டிக்காரி. பரீட்சை எழுதி, தேர்வாகி, என் தலையால் வாங்கிய இடம் அது. ஒரு தாய் இதை வாய்விட்டுச் சொன்னால் ஊர் ஒரு மாதிரி பார்க்கும். பார்த்துவிட்டுப் போகட்டும். இப்போது சொல்கிறேன்.

கோட்ட அலுவலகத்துக்குப் போனேன். கிளார்க் நல்ல மனிதர், ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "விழுப்புரத்துல எடமே இல்லம்மா. மியூச்சுவல் கெடச்சாதான் உண்டு. அங்க இருக்கற யாராவது திண்டிவனம் போறேன்னு கையெழுத்துப் போட்டா ரெண்டு பேரையும் மாத்திடலாம். ஆனா சொந்த ஊர வுட்டுட்டு யார் வருவா?"

யார் வருவாள்? அதுதானே. விழுப்புரத்தில் எனக்குத் தெரிந்தவள் ஒருத்திதான், அந்தக் கீச்சுக்குரல். வேளாவேளைக்கு உள்ளூரில் வீட்டுக்குப் போகிறவளிடம், இளைப்புக்காரப் பெண்ணை வைத்திருப்பவளிடம், 'உன் இடத்தை எனக்குக் கொடு, நீ தினம் ரயிலில் வந்து சாவு' என்று கேட்க எந்த வாய் வரும்? நான் யாரென்றே தெரியாமல் தினமும் எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்தவள் அவள். அவளுக்கு நான் கெடுதல் நினைக்கலாமா? கேட்கவில்லை. முதல் வாரம் போயிற்று, இரண்டாவதும் மூன்றாவதும் போயின.

வீட்டில் கணவர் குழந்தையைத் துண்டால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கேப்பைக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருப்பார். கஞ்சியில் கட்டி கட்டியாக இருக்கும். "எஞ்சின்ல எவ்ளோ கரின்னாலும் அள்ளிக் கொட்டிடுவேன். இந்தப் பேஜாரு நம்மளால ஆவாது" என்பார். "ஒரு மாசத்துக்கே இப்படியா?" என்று கேட்டேன். ஆனாலும் கெடு கெடுதான். வெள்ளிக்கிழமை முடிகிறது.

அந்த வாரம் புதன்கிழமை லைன் டெஸ்ட்.

"இன்னாங்க திண்டிவனம், கொரலு டல்லா கீது?"

"வெள்ளிக்கெழமையோட நான் நின்னுடறேங்க. வேலைய வுடறேன்."

"அய்யய்யோ! ஏங்க?"

எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். "ஏனா? உங்களுக்கு இன்னாங்க தெரியும்? உள்ளூர்ல உக்காந்துக்கினு வேல பாக்கறீங்க. எம் புள்ள விழுப்புரத்துல கெடக்குது, நான் இங்க வந்து ஊருக்கெல்லாம் லைன் குடுத்துக்கினு கீறேன்!"

லைனில் உய்யென்ற இரைச்சல் மட்டும் கேட்டது. கட்டாகிவிட்டது என்றே நினைத்தேன்.

"யாருங்க உள்ளூரு?" என்றது அந்தக் குரல், மெல்ல. "எம் பொண்ணு திண்டிவனத்துல கீறாங்க. எங்க வூடே அங்கதான். நான்தாங்க தெனம் ரயில் ஏறி இங்க வந்து சாவறேன். நீங்கதான் உள்ளூருன்னு நெனச்சிக்கினு, மாத்தல் கேக்க வாய் வராம..."

எட்டு மாதம்! இரண்டு பேரும் ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்பட்டுக்கொண்டு, பாவம் பார்த்துக்கொண்டு, கேட்காமலே இருந்திருக்கிறோம். போர்டின் பெயரை ஆளின் ஊர் என்று எடுத்துக்கொண்ட இரண்டு மண்டுகள்.

அப்போது லைனில் 'டிக்'கென்று சத்தம். சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினார்.

அவள் ஒரு நொடி கூடத் தடுமாறவில்லை. குரலை மாற்றி, ஆபீஸ் தோரணையில் கேட்டாள். "திண்டிவனம், விக்ரவாண்டி கிராஸிங், நாளை காலை. கன்ஃபர்ம் பண்ணுங்க."

"கன்ஃபர்ம்" என்றேன்.

மறுநாள் வண்டி விக்ரவாண்டியில் நின்றதும், எதிர் வண்டி வருவதற்குள் பிளாட்பாரத்தில் இறங்கி நின்றேன். கையில் மனு, கார்பன் வைத்து இரண்டு பிரதி. எதிர் வண்டி வந்து நின்றது. அத்தனை ஜன்னல்களில் யாரைத் தேடுவது? பெயர் தெரியாது, முகம் தெரியாது. தொண்டையைத் திறந்து கூப்பிட்டேன். "விழுப்புரம்! விழுப்புரம்!"

"இந்த வண்டிதாம்மா விழுப்புரம், ஏறு ஏறு, ஜல்தி!" என்றார் ஒரு பெரியவர். இன்னொருவர் கையை நீட்டினார். நான் அவரைத் தள்ளிவிட்டு அடுத்த பெட்டிக்கு ஓடினேன். இரண்டு பெட்டி தள்ளி ஒரு குரல் கேட்டது. "திண்டிவனம்! ஏங்க, திண்டிவனம்!" அங்கேயும் நாலு பேர் அவளுக்கு என் வண்டியைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒல்லிப் பெண் இல்லை. என்னைவிட ஒரு சுற்று பெருத்த, நெற்றி நிறையக் குங்குமம் வைத்த பெண்மணி. அந்த உடம்பிலிருந்து அந்தக் கீச்சுக்குரல். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம், சிரித்தோம், உடனே அழுகையும் வந்துவிட்டது. அழ நேரமில்லை. என் டிபன் கேரியரின் மூடிமேல் காகிதத்தை வைத்து அவள் கையெழுத்துப் போட்டாள். அப்போதுதான் அவள் பெயரையே படித்தேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் கணவரின் லீவு வெள்ளியோடு முடிவதை இரண்டு வரியில் சொன்னேன்.

"ஆர்டர் வர ரெண்டு மாசம் ஆவும்" என்றாள். "வெள்ளிக்கெழமைக்கு அப்பறம் பாப்பாவ எங்க வுடுவீங்க?"

"தெரியலைங்க."

"எங்க வூட்டுல வுடுங்க. உங்க எக்ஸ்சேஞ்சுக்கு எதிர் சந்துலதான். எங்க வூட்டுக்காரரு டெய்லரு, மிஷினே வூட்டுலதான். எம் பொண்ணையும் அவருதான் பாக்கறாரு. இளைப்பு வந்தாத்தான் கையும் காலும் ஓடாது அவருக்கு. மத்தியானம் போய்ப் பால் குடுக்கறப்ப எம் பொண்ணையும் ஒரு பார்வ பாத்துட்டு வாங்க, அது போதும்."

கார்டு விசில் ஊதினார். அவளைக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டு என் வண்டிக்கு ஓடினேன்.

வெள்ளிக்கிழமை கணவர் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்து வைத்திருந்தார். நான் மனுவின் கார்பன் பிரதியை அதன்மேல் வைத்தேன். படித்தார்.

"இது ஆர்டர் இல்லையே."

"இல்ல. ஆர்டர் வர்ற வரைக்கும் கொழந்த எங்கூட வரும்."

"அந்தக் கூட்டத்துலயா? ஒரு மணி நேரம்? பைத்தியமா உனக்கு?"

"ஆமா, பைத்தியந்தான். பேச்சு மாறினேன்னு வச்சிக்குங்க. நான் வேலைய வுட மாட்டேன், கொழந்தையையும் வுட மாட்டேன். உங்களுக்குக் கோவம் வந்தா கோவப்பட்டுக்குங்க."

வெள்ளைத்தாளை மடித்து அலமாரிக்குக் கீழே வைத்தேன். அவர் சாப்பிடாமலே படுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை இடுப்பில் குழந்தை, தோளில் துணிப்பை, கையில் டிபன் கேரியரோடு கிளம்பினேன். நாலு எட்டு வைப்பதற்குள் பின்னால் செருப்புச் சத்தம். கணவர் வந்து பையை வாங்கிக்கொண்டார். ஸ்டேஷனில் வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் தன் துண்டை வீசி எனக்கு ஜன்னலோர சீட் பிடித்தார். "காத்து அடிக்கும், காத மூடு" என்றார். எனக்கா குழந்தைக்கா என்று கேட்கவில்லை.

இரண்டு மாதம் இல்லை, மூன்று மாதம் அப்படிப் போனேன். டெய்லர் அண்ணன் மிஷின் பக்கத்தில் தூளி கட்டிவிட்டார். மிஷின் ஓடினால் குழந்தை தூங்கும், நின்றால் விழித்துக்கொள்ளும். அவர் பாவம் துணி இல்லாவிட்டாலும் மிதித்துக்கொண்டிருப்பார். மத்தியானம் நான் ஓடிப்போய்ப் பால் கொடுப்பேன், மடியில் ஒன்று குடிக்க, பக்கத்தில் அவள் பெண்ணை உட்கார வைத்து நெஞ்சில் காதை வைத்துக் கேட்பேன். அடுத்த லைன் டெஸ்டில் சொல்வேன். "விழுப்புரம், லைன் கிளியர். இரைச்சல் இல்லை." அவள் "தேங்க்ஸ் திண்டிவனம்" என்பாள். சூப்பர்வைசருக்கு அதில் குற்றம் கண்டுபிடிக்க எதுவும் இல்லை.

ஆர்டர் வந்தது. இதற்கிடையில் நான் அக்காவிடம் திரும்பவும் போய் நின்றேன். மூட்டை இல்லாமல் எங்கள் வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டாள். விழுப்புரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு பத்து நிமிட நடை. முதல் காரியமாக, அவசரமென்றால் எங்கே போய் எந்த நம்பரைக் கேட்க வேண்டும் என்று அவளுக்கு நாலு முறை சொல்லிக் கொடுத்தேன்.

முதல் நாள் ஹெட்செட்டை மாட்டினேன். பழக்க தோஷம், "ஹலோ விழுப்புரம்" என்றேன்.

"விழுப்புரம் நீங்கதாங்க" என்று சிரித்தாள் அவள்.

பத்தரை மணி ஆயிற்று. திண்டிவனம் விளக்கு எரிந்தது. "விழுப்புரம், இன்னிக்கு எனக்கு வேணுங்க அந்த அஞ்சு நிமிசம். காலையில பொண்ணுக்கு லேசா இளைப்பு. சந்துதானே, ஓடிப்போய்ப் பாத்துட்டு வந்துடறேன். இத்தன நாளு இப்பிடி ஓட முடியாமத்தான் தவிச்சேன்."

"நிதானமா போய்ட்டு வாங்க" என்றேன்.

உடனே ஒரு மண்டிக்காரர் வந்தார் லைனில். திண்டிவனம் வேண்டும், அவசரம், லாரி நிற்கிறது என்று கத்தினார். இன்னும் இரண்டு விளக்குகள் எரிந்தன, அவற்றுக்கும் திண்டிவனம்தான் வேண்டும். மண்டிக்காரர் மேலிடத்துக்கு எழுதிப் போடுவேன் என்று மிரட்டினார். எழுதட்டும். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"திண்டிவனம் பிசி சார்" என்றேன்.